வளரிளம் வயதில் குடல் அழற்சி நோய்: எங்கே தவறுகிறோம்?

குடல் அழற்சி நோயின் இரு வகைகளான க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைடிஸ் இரண்டுமே சில காலம் அடங்கியிருக்கும், மறுபடி கிளம்பும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். இரத்தப்போக்கு நின்று, வயிற்றுவலியும் போய், மூன்று மாதம் சுகமாக இருந்தால் ‘இனி மெசலமைன் எதற்கு?’ என்று தோன்றிவிடும். அல்சரேட்டிவ் கொலைடிஸில் நோயை அடக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். வலியே இல்லாமல் உள்ளே அழற்சி நீடிப்பதும் உண்டு. மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வயிறு அமைதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஸ்டீராய்டை நிறுத்துவதற்குக் காரணம் வேறு. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிய சில வாரங்களில் முகம் உப்பும், பரு வரும். வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் போதும், பிள்ளை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடும். இது உண்மையிலேயே ஆபத்து. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். சட்டென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரை போகலாம். மருத்துவர் எழுதிய அட்டவணைப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அளவு குறையக் குறைய முக வீக்கமும் வடியும். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வாங்கிக் கொடுப்பதும் அதே அளவு தவறு. எலும்பும் உயரமும் பாதிக்கப்படும்.

மலக்குடல் பக்கம் புண் இருந்தால் மெசலமைன் எனிமா எழுதுவார்கள். கூச்சத்தில் அவசரமாகப் போட்டுக்கொண்டு உடனே எழுந்தால் மருந்து வெளியே வந்துவிடும். இரவு மலம் கழித்த பிறகு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலை மடக்கிக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம் இருப்பதால் மருந்து அங்கே இறங்கும். அரை மணி நேரமாவது அப்படியே படுத்திருக்கட்டும். இரவு முழுக்க உள்ளே தங்கினால் இன்னும் நல்லது. பட்ட இடத்தில் கறை பிடிக்கும்; பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசதயோப்ரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு முதல் சில வாரங்கள் இரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடிப் பார்ப்பார்கள். அதைத் தள்ளிப்போடவே கூடாது. நூடிடி15 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் வேகமாகச் சரியும். ஆசியர்களிடம் இந்த மாற்றம் அதிகம். காய்ச்சல், வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் பேசுங்கள்.

மாதவிடாய் வலிக்கும் தலைவலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் வேண்டாம். அடங்கிய நோயைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் போதும்.

சாப்பாட்டில் நடப்பதுதான் மனதை வருத்துகிறது. ‘உடம்புச் சூடு’ என்று பாலை நிறுத்தி, முட்டையை நிறுத்தி, கடைசியில் கஞ்சியும் ரசஞ்சோறும்தான் மிஞ்சும். நோய் கிளம்பிய நாட்களில் பச்சைக் காய்கறி, தோல், விதை, கொட்டைகளைக் குறைத்தால் சிரமம் தணியும். குடல் குறுகிப் போகாதவர்கள் அடங்கியபின் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். வளரும் வயதில் புரதமும் இரும்பும் கால்சியமும் குறைந்தால் உயரம் நின்றுவிடும், பூப்பும் தள்ளிப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள். க்ரோன்ஸில் வயிற்றுத் தொந்தரவுக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோவதும் உண்டு.

பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலைச் சாப்பாட்டையும் தண்ணீரையும் தவிர்க்கும் பிள்ளைகள் ஏராளம். வகுப்பில் கேட்காமலே எழுந்து போக அனுமதி வேண்டி, மருத்துவர் கடிதத்துடன் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பையில் மாற்று உள்ளாடை ஒன்று இருக்கட்டும்.

ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் இரத்தம் கலந்து போனாலோ, அதோடு காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பி இறுகுதல் சேர்ந்தாலோ மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு வாங்கிக் கட்டுப்படுத்தப் பார்க்காதீர்கள். அந்த நிலையில் அது பெருங்குடலை வீங்கவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரவானாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.