அணையின் நிலநடுக்கப் பாதுகாப்பு அறிக்கையை வாசிப்பது எப்படி?

ஒரு பேரணையின் பாதுகாப்பு அறிக்கை கைக்கு வந்ததும், ‘ரிக்டர் அளவில் இத்தனை வரை தாங்கும்’ என்ற வரியைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் படித்தால் போதும். ரிக்டர் எண் நிலநடுக்கத்தின் மொத்த வலிமையைக் குறிக்கிறது. அணை நிற்கும் பாறை எவ்வளவு கடுமையாக அதிரும் என்பதோ, நிலப்பிளவு எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே, தரை முடுக்கத்தையே, அதாவது தரையின் அசைவு வேகம் எவ்வளவு சடுதியில் மாறும் என்பதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காகத் தரும் எண்ணையே, முதலில் பாருங்கள்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை இதற்குத் தக்க சான்று. 103 மீட்டர் உயரமுள்ள அந்த அணை, தன் எடையில் 0.05 பங்கு கிடைவிசையாக வந்தால் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. தீபகற்ப இந்தியா அசையாத நிலம் என்பது அன்றைய பொதுக்கருத்து. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவிலான நிலநடுக்கம் தாக்கியபோது, அணைக்குள் இருந்த கருவி அதைவிடப் பல மடங்கு முடுக்கத்தைப் பதிவுசெய்தது. 0.05 என்ற வடிவமைப்புக் கெழுவும் கருவி பதிவுசெய்த உச்ச முடுக்கமும் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்கவை அல்ல என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அணை விரிசல் கண்டது. அணையின் பின்புறச் சரிவு, அதாவது நீர் தேங்காத பக்கத்தின் சரிவு, சட்டென்று மாறும் மட்டத்தையொட்டியே அந்த விரிசல்கள் ஓடின. எனவே, வரைபடத்தில் குறுக்குவெட்டு திடீரென ஒடுங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஏற்படும் இழுவிசையை அறிக்கை தனியாகக் கணக்கிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து நீர்த்தேக்கத்துக்கு வாருங்கள். கொய்னாவில் 1962இல் நீர் தேங்கத் தொடங்கிய பின்னரே அடிக்கடி அதிர்வுகள் உணரப்பட்டன. நீரின் எடையும், பாறைப் பிளவுகளுக்குள் பரவும் நீரழுத்தமும், ஏற்கெனவே இறுகிக் கிடந்த பிளவைத் தூண்டிவிடக்கூடும். நீர் தேக்குவதற்கு முன்பிருந்தே எடுக்கப்பட்ட அதிர்வுப் பதிவுகள் இல்லாத அறிக்கையில், தூண்டப்பட்ட நிலநடுக்கம் பற்றிய முடிவை அரைகுறையாகவே கொள்ள வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது, உச்சமட்டத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்ற விவரங்களையும் அதிர்வுப் பதிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கருவிகள் குறித்த பகுதியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளின் அருகே நிலநடுக்கப் பதிவு நிலையம் அமைக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நிலையம் இயங்குகிறதா என்பதே கேள்வி.

இறுதியாக, சுவர் தாங்கினாலும் மதகுகள் இயங்குமா என்று கேளுங்கள். விரிசல் கண்ட அணையில் நீர்மட்டத்தைக் குறைத்தாக வேண்டும். அந்த வேளையில் மின்சாரம் போயிருக்கும், சாலை சரிந்திருக்கலாம், மதகின் தண்டவாளம் கோணியிருக்கலாம். மாற்று மின்னாக்கி எங்கே வைக்கப்பட்டுள்ளது, அடிமட்ட மதகு கடைசியாக எப்போது முழுமையாகத் திறந்து பார்க்கப்பட்டது, கீழ்ப்பகுதி ஊர்களுக்கான வெள்ளப் பரவல் வரைபடம் உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கிறதா என்பவற்றுக்கு அறிக்கையில் விடை இல்லையென்றால், எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.