ஒட்டுத்துணி மரம் தைக்க, தையலைப் பொடிசாக்குங்கள்

காகிதத்தில் கோடு வரைந்து, அதன் பின்பக்கம் துண்டுத்துணி வைத்து கிறிஸ்துமஸ் மரம் தைக்கும்போது, மெஷினில் தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டராகக் குறைத்து, 14ஆம் எண் ஊசி போடுங்கள். பழைய கால்மிதி மெஷின் என்றால், அங்குலத்துக்கு 16 முதல் 18 தையல் விழ வேண்டும்.

ஓட்டைகள் நெருக்கமாக விழுவதால், கடைசியில் காகிதம் தபால்தலை ஓரம் மாதிரி சுலபமாகக் கிழிந்து வரும். இழுக்கும்போது நூலும் விடாது. தைக்கும்போது காகிதத்தின் கோடு மேலே, துணி அடியில் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டும் கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் நிற்கிறதா என்று, தைப்பதற்கு முன்பே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுங்கள். பொடித் தையலைப் பிரிப்பது பெரும்பாடு.

துணிக்குச் செலவே வேண்டாம். டிசம்பரில் பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத் தையல்கடைகளில் கேட்டால் பச்சை ஜாக்கெட் வெட்டுத்துணி கிடைக்கும். பருத்தியாகப் பார்த்து எடுங்கள்.

பட்டுக்கு இது சரிவராது, ஊசி ஓட்டை அப்படியே தெரியும். கைத்தையலுக்கும் வேண்டாம், காகிதம் கிழிக்கையில் தையல் தளர்ந்துவிடும். அப்புறம், வெளிர் துணிக்குச் செய்தித்தாளைக் காகிதமாக வைக்காதீர்கள், இஸ்திரி போட்டால் மை ஒட்டும்.