தோட்டத்துக்கு உதவ முன்வருவோருக்குச் சில நடைமுறைகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு உதவ விரும்புகிறவர்கள், பிள்ளைகளுக்கான கொப்பிப் (நோட்டுப் புத்தகப்) பொதிகளை லொறியில் ஏற்றுவதற்கு முன்னர் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை அறைகளில், வாழும் மக்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். பகலில் பெண்கள் மலையில் நிற்பார்கள் என்பதால், பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்த மாலை வேளையே அதற்கு ஏற்றது.

1948ஆம் ஆண்டின் சட்டம் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த குடியுரிமையை 2003ஆம் ஆண்டின் சட்டம் மீட்டுத் தந்தபோதும், ஆவணச் சிக்கல்கள் எல்லாக் குடும்பங்களிலும் தீர்ந்துவிடவில்லை. ஆகவே பணத்தின் முதற்பங்கை அதற்கே ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழில் முனியம்மா என்றும் அடையாள அட்டையில் முனியம்மாள் என்றும் பதிவாகியுள்ள ஒருவர், தம் சேமலாப நிதியை (வேலைக்காலச் சேமிப்பை)ப் பெறுவதற்கே பலமுறை அலைய நேரலாம். அவருக்குத் தேவைப்படுவது சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு துணையும், பஸ் கட்டணமும், அன்றைக்கு இழக்கும் நாட்சம்பளமும்தான். (இந்தக் கடைசிச் செலவை நானும் முதலில் கணக்கில் எடுக்கவில்லை.)

வீடு கட்டிக் கொடுப்பதானால், காணி உறுதி (நிலப் பத்திரம்) யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள். காணி உறுதி இல்லாத வீடு, லயத்து அறையைப் போலவே, பிறர் தயவில்தான் நிற்கும். உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்கட்டும்.

வரவு செலவைத் தமிழில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கொடையாளியின் பெயர்ப்பலகை வேண்டாம்.