வினாடி வினா மோசடியை வெளியே சொல்வதற்கு முன்

தொலைக்காட்சி வினாடி வினாக்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். "பதிலை முன்கூட்டியே சொல்லித் தருகிறார்கள் சார், அம்பலப்படுத்தலாமா?" என்று அவ்வப்போது யாராவது வந்து கேட்பார்கள். தாராளமாக. ஆனால் 1950-களில் நியூயார்க்கில் வாய் திறந்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு திறங்கள்.

முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசியின் ‘ட்வென்ட்டி ஒன்’ வினாடி வினா நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் பதில்களை வாங்கிக்கொண்டு ஜெயித்துக்கொண்டிருந்தார். 1956 டிசம்பரில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரனிடம் தோற்கும்படி தயாரிப்பாளர் டான் என்ரைட் சொன்னார். அன்றைய கேள்வி: 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு? விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பெலுக்கு ரொம்பப் பிடித்த படம். தெரிந்த விடையை விழுங்கிவிட்டு வேறு படத்தைச் சொன்னார். அடுத்த வருடம் பத்திரிகைகளிடம் போனார். அவதூறு வழக்குக்குப் பயந்து யாரும் அச்சிடவில்லை. அதற்குள் ‘எனக்கு யாரும் உதவவில்லை’ என்று என்ரைட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பேசியதை என்ரைட் ரகசியமாகப் பதிவும் செய்துவைத்திருந்தார். அப்புறம் என்ன, உண்மை சொன்னவர் ‘பொறாமைக்காரர், பணம் பறிக்கப் பார்த்தவர்’ ஆகிவிட்டார்.

அவர் வாங்கிய 49,500 டாலரும் அவருக்கு எதிராகவே பேசியது. அதனால் நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். எதிராளி அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் கதையே மாறிவிடும்.

அடுத்தது ஆதாரம். இதில் எனக்கு குரு ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர். அதே நிகழ்ச்சியில் 1957-இல் ஆடியவர். தனக்குச் சொல்லித்தரப்பட்ட கேள்வி பதில்களை, ஒளிபரப்புக்கு முன்பே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பிக்கொண்டார். ‘ஸ்நோ ஒயிட்’ கதையில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களை எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்தி யோசிப்பதுபோல் நடிக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. வந்த உறையைப் பிரிக்கவில்லை, அதுதான் சாமர்த்தியம். 1959 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால்தான் அது பிரிக்கப்பட்டது. தபால் முத்திரையின் தேதியை எந்த வக்கீலால் குறுக்கு விசாரணை செய்ய முடியும்? நீங்களும் ஒளிபரப்புக்கு முன்பே எழுதுங்கள். நடந்தபின் எழுதியது வெறும் நினைவு. உறையை உங்கள் வக்கீலிடம் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

கூட்டாளி தேடுங்கள். ‘டாட்டோ’ என்ற இன்னொரு வினாடி வினா நிகழ்ச்சியில் காத்திருப்புப் போட்டியாளராக இருந்த எட்வர்ட் ஹில்கெமெயர், சக போட்டியாளரின் நோட்டில் பதில்களைப் பார்த்துப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். வாயை மூட 1,500 டாலர் வாங்கினார், பிறகு புகாரும் கொடுத்தார் (இந்த வரிசை வேண்டாம்). 1958 ஆகஸ்டில் அந்த நிகழ்ச்சி நின்றது. அதன் பிறகே ஸ்டெம்பெல் சொன்னதை அச்சிடப் பத்திரிகைகளுக்குத் துணிச்சல் வந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். அன்று வினாடி வினாவில் ஏமாற்றுவதைத் தடுக்கச் சட்டமே இல்லை, 1960-இல்தான் வந்தது. ஆனால் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று சாட்சிகளைக் கேட்டு முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) முன் சுமார் 150 பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய 100 பேர் பொய் சொன்னதாக அரசு வழக்கறிஞர் ஜோசப் ஸ்டோன் கணித்தார். வழக்கு வந்தது அந்தப் பொய்ச் சாட்சியத்துக்குத்தான். வான் டோரனும் அதில் மாட்டினார், பல்கலைக்கழக வேலையும் என்பிசி வேலையும் போனபின்.

கடைசியாக வீட்டுக் கணக்கு. என்ரைட் 1970-களில் மறுபடி போட்டி நிகழ்ச்சிகள் தயாரித்தார். ஸ்டெம்பெல் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். உங்களையும் இந்தத் துறையில் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.