எலிக்காய்ச்சல்: காலபோகத்தில் வன்னி வயல்களில் விடும் தவறுகள்

பெயரில் எலி இருப்பதால் எலியை மட்டுமே குற்றவாளியாக நினைக்கிறோம். மாடு, எருமை, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்த நோயைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி வெளியேறும். வெட்டிய வயலில் மாடு மேயவிட்டு, அடுத்த போகத்துக்கு அதே சேற்றில் வெறுங்காலோடு வரம்பு கட்டும்போது, காலில் உள்ள சிறு கீறலே கிருமிக்குப் போதும். சப்பாத்தோடு சேற்றில் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். ஆனால் புண்ணைத் தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூடலாம், வயலால் ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம்.

தடுப்புக் குளிசையில்தான் தவறுகள் அதிகம். டொக்சிசைக்கிளின் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. வயலில் இறங்க முன்னரே தொடங்கி, சேற்று வேலை இருக்கும் வாரமெல்லாம் எடுக்க வேண்டும். விதைப்புக்கு ஒருமுறை போட்டுவிட்டு அருவிவெட்டு வரை காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. சாப்பிட்ட பின், நிறையத் தண்ணீரோடு எடுங்கள். உடனே படுத்தால் குளிசை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலோடும் வாயுக் குளிசையோடும் சேர்த்து எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கவே கூடாது. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இந்தக் குளிசையை இலவசமாகத் தருவார். பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே கமக்காரர் அமைப்பு பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால், கூலிக்கு வருபவர்களும் விடுபடமாட்டார்கள்.

குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வரலாம். இந்த வாராந்த அளவு காய்ச்சலைக் குணப்படுத்தாது.

திடீர்க் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசையில் தொடமுடியாத வலி, கண் சிவத்தல்: இவை வந்தால் "வேலை அலுப்பு" என்று டைக்குளோபெனக் வாங்கிப் போடுவது மிக ஆபத்தான பிழை. இந்தக் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த வலிமருந்தும் சிறுநீரகத்தையே தாக்கும். சிறுநீரக நோய் ஏற்கனவே பலரை வாட்டும் வவுனியாப் பக்கத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும், ஆனால் அது நோயைக் குணப்படுத்தாது; வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு இரவுகூடப் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி ஆஸ்பத்திரிப் பக்கம். முதல் வாரத்தில் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்புடல் (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பொருள்) தெரியாமல் போகலாம். "இல்லை" என்று வந்ததை நம்பி நோயைக் கைவிடக்கூடாது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று அறிவித்தலைத் தாமதிப்பதும் தவறு. சந்தேகம் வந்தவுடனேயே எச் 544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும். நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது "அங்கே அறிவிப்பார்கள்" என்று இரண்டு பக்கமும் விட்டுவிடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் என்னவென்று தெரியாத காய்ச்சலால் மரணங்கள் நிகழ்ந்த பிறகே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. தாமதம் என்ன செய்யும் என்பதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம்.

எங்களுக்குப் பெரிதாகப் படுவது முகவரிப் பிழை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் இருக்கும். ஆள் வன்னியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழோ முத்தையன்கட்டிலோ வயல் செய்திருப்பார். படிவம் அட்டை முகவரிக்குப் போகும், பிஎச்ஐ அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவார், தொற்றிய வயலில் மற்றவர்கள் குளிசை இல்லாமலே வேலை செய்துகொண்டிருப்பார்கள். அறிகுறி தெரிய பெரும்பாலும் 5 முதல் 14 நாள், சிலருக்கு 30 நாள் வரைகூட ஆகும். ஆகவே "நேற்று எங்கே போனீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. கடந்த ஒரு மாதத்தில் எந்தக் குளத்தின் கீழ், எந்த வாய்க்காலோரம், எந்தத் திகதிகளில் சேற்றில் நின்றார், கூட நின்றவர்கள் யார் என்று கேட்டு, அதையும் படிவத்தில் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் நோயாளியோ வீட்டாரோ வார்ட்டில் தாங்களாகவே சொல்லலாம்.