பூட்ஸில் திரும்பத் திரும்ப வந்த வெள்ளைக் கோடு

சின்னமுட்டம் துறைமுகத்தில் எனக்கு வேலை. தோல் பூட்ஸின் தையலோரம் வெள்ளைக் கோடு. பாலிஷ் போட்டால் மறையும், காய்ந்ததும் தலைகாட்டும். பூஞ்சணமென்று வெயிலில் வைத்ததில் தோல் விறைத்ததுதான் மிச்சம். மூடியில் பஞ்சு வைத்த திரவப் பாலிஷ் படலமாகப் படிந்து வெடித்தது. தேங்காய் எண்ணெயோ மணலைத்தான் சேர்த்தது.

ஈர விரலால் தொட்டபோது கோடு சர்க்கரைபோல் கரைந்தது. பூஞ்சணமானால் இழுபடும், நாறும். இது கடல் உப்பு! காலையில் பூட்ஸ் பிசுபிசுத்த காரணமும் அதுதான். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்.

வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் துடைத்தேன். தையலுக்குப் பழைய பல் பிரஷ். செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்தினேன். பிறகு தோலை மிருதுவாக்கும் கண்டிஷனர், மறுநாள் மெழுகுப் பாலிஷ் மெல்லிதாக, குதிரைமுடி பிரஷ். கோடு ஒழிந்தது, அப்பாடா. திரவப் பாலிஷ் பள்ளிக்கூட ஷூவுக்குப் போதும். கடற்கரைக்கு டப்பா மெழுகுதான்.