பொதுச் செலவைப் பங்கிடும் திட்டம்: எப்போது வகுப்பது, எப்படி நடத்துவது

காட்பாடியில் ஓர் அலுவலகத்தை வைத்துக்கொண்டு, குடியாத்தத்தில் மகளிர் குழுப் பணியையும், ஆம்பூரில் தோல் தொழிலாளர் நலப் பணியையும், பீஞ்சமந்தை மலையில் மாலை நேரப் பள்ளியையும் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பணிகளுக்கும் நன்கொடையாளர்கள் வேறு வேறு; ஆனால் வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம், ஜீப் ஆகியவை பொது. இந்தப் பொதுச் செலவில் எந்தப் பணி எவ்வளவு ஏற்கும் என்பதைக் காரணத்தோடு எழுதிவைப்பதே செலவுப் பங்கீட்டுத் திட்டம்.

ஆண்டு முழுவதும் செலவு செய்துவிட்டு, மார்ச் மாதத்தில் எந்தப் பணியில் பணம் மிஞ்சுகிறதோ அதில் ஏற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆடிட்டர் முதலில் கேட்கும் கேள்விக்கே அது தாங்காது. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனத்துக்கு அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும் தனிக் கணக்கேடும் வேண்டும். உள்ளூர்ப் பணத்தோடு அதைக் கலக்க இயலாது. ஆகவே வாடகைக்கான காசோலையை எழுதும் அன்றே, எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எனவே ஜனவரி, பிப்ரவரியில் அடுத்த ஆண்டு பட்ஜெட்டோடு சேர்த்தே வரைவைத் தயாரிக்க வேண்டும். மார்ச் மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி மினிட்ஸில் பதிந்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு செலவுக்கும் அதற்குப் பொருந்தும் அளவுகோல் தேவை. வாடகைக்கு இடப்பரப்பு பொருந்தும். ஆயிரம் சதுர அடி அலுவலகத்தில் குடியாத்தம் பணிக்கு 400, ஆம்பூருக்கு 250, மலைப் பள்ளிக்கு 150, கூடத்துக்கும் நடைக்கும் 200 என்றால், பொது இடத்தைத் தள்ளிவிட்டு 800-ஐ அடிப்படையாகக் கொள்ளலாம். மாத வாடகை 30,000 ரூபாய் எனில் முறையே 15,000, 9,375, 5,625 என்று பிரியும். கணக்காளர் சம்பளத்துக்கு நேரப் பதிவேடு சிறந்தது. அது இயலாதபோது வவுச்சர் எண்ணிக்கையைக் கொள்ளலாம். ஜீப்புக்கு லாக் புத்தகத்தின் கிலோமீட்டரைப் பலர் எடுக்கிறார்கள். ஆனால் ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் வண்டி குறைந்த தூரத்துக்கே கூடுதல் டீசலைக் குடிக்கும் என்பதால், லிட்டர் கணக்கே நியாயம் என்பது என் கருத்து. மின்கட்டணத்தையும் இடப்பரப்பால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். வேலூர் வெயிலில் ஓர் அறையில் மட்டும் ஏ.சி. ஓடினால் அந்தக் கணக்கு பொய்யாகும். அந்த அறைக்குத் துணை மீட்டர் வைப்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் வருவதால், இடையில் ஒரு பணி முடிந்தால் அன்றைய மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜூலையில் புதுப் பணி ஒன்று தொடங்கினால், ஜூலை 1 முதல் விகிதத்தை மாற்றித் தீர்மானம் எழுத வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்கைத் தொடக் கூடாது. செப்டம்பர் முடிவில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை உண்மையான பயன்பாட்டோடு ஒப்பிட்டு, வந்த வேறுபாட்டை அடுத்த மாதக் காசோலைகளிலேயே கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிட்டால், மார்ச் 31-க்குப் பின் இழுபறி இருக்காது. நன்கொடையாளரின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கினாலும், மாதந்தோறும் பங்கிட்டிருந்தால் எந்தப் பன்னிரண்டு மாத அறிக்கையையும் எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பணியின் கணக்கில் ஏற்றிவிட்டதாலேயே அலுவலக வாடகை நிர்வாகச் செலவு என்னும் தன்மையை இழந்துவிடாது. பங்கீடு என்பது வரம்பிலிருந்து தப்பும் வழியன்று.

மலைப் பள்ளியின் நன்கொடையாளர் வாடகையை ஏற்க மறுக்கிறார் என்று வையுங்கள். அந்த 5,625 ரூபாயை மற்ற இருவர் தலையில் கட்டக் கூடாது. நிறுவனத்தின் சொந்தப் பொது நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு அது 67,500 ரூபாய் ஆவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பங்கீட்டுத் தாளை அவர் முன் வைத்துப் பேசுவது நல்லது. பட்ஜெட்டில் இடம்பெறாத பங்கைப் பின்னர் கேட்டுப் பெறுவது அரிது.